வெண்ணெய்நல்லூர் பஸ்

எங்கள் தெருவில் சாவு விழுந்தால் பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள். ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டி, தோளில் முகவாயை வைத்து, ஆடி ஆடி அழ வேண்டும். அப்போது வாயில் எது வேண்டுமானாலும் வரும். மாமியார் பண்ணின கொடுமை, அண்ணன் செய்யாத சீர், புருஷன் வைத்திருந்த இன்னொருத்தி எல்லாம் ராகத்தோடு வந்து விழும். அதைப் பிறகு யாரும் எடுத்துப் பேசுவதில்லை. "அன்னிக்கு நீ அப்பிடிச் சொன்னியே" என்று எவளாவது குழாயடியில் ஆரம்பித்தால் மற்றவர்கள் அவள் வாயிலேயே போடுவார்கள். பிணத்துக்கு முன்னால் சொன்னது பிணத்தோடு போய்விடும், சுடுகாட்டிலிருந்து திரும்பி வரக் கூடாது. இதை எந்தப் பஞ்சாயத்தும் எழுதி வைக்கவில்லை. பஞ்சாயத்து சொன்னதை மீறினவர்கள் எங்கள் ஊரில் ஏகப்பட்ட பேர். இதை மீறினவள் ஒருத்தியும் இல்லை, கோவிந்தம்மாவுக்கு முன்னால்.

கோவிந்தம்மா கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் பாதியிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு மேற்கே இறங்கி நடந்தால் எங்கள் காலனி. புருஷன் கிருஷ்ணசாமி போன பிறகு நடவு, களை, கரும்பு வெட்டு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை ஆய்வது என்று கிடைத்த வேலைக்கெல்லாம் போய், ஒரே மகன் சித்தார்த்தனை பாலிடெக்னிக் வரைக்கும் படிக்க வைத்தவள் அவள். பையன் இப்போது விழுப்புரத்தில் செல்போன் ரிப்பேர் கடையில் இருக்கிறான். மற்ற நேரமெல்லாம் கித்தார்.

பக்கத்து வீடு பிரபாவதி. ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதிலும் ஒரு செங்கல் விழுந்து ஓட்டை. தீப்பெட்டி, கடுகு, ஒரு கிண்ணம் குழம்பு எல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் போய் வரும். பிரபாவதியின் புருஷன் துரைக்கண்ணு விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரே பெண் புனிதாவை திருவெண்ணெய்நல்லூருக்கு அந்தப் பக்கம், பெண்ணையாற்றங்கரை ஊர் ஒன்றில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். போன வருஷம் மாசியில், வயிற்றுவலி தாங்காமல் பூச்சி மருந்தைக் குடித்துவிட்டாள் என்று அங்கிருந்து சேதி வந்தது. தெருவே வேன் பிடித்துக்கொண்டு போனோம்.

துரைக்கண்ணு அந்த வயிற்றுவலியை நம்பினான். பொங்கலுக்கு வந்தபோது பெண் சிரித்துப் பேசிக்கொண்டு கரும்பு கடித்ததைப் பார்த்தவன். வேறு எதை நம்புவான்.

நாங்கள் போய் இறங்கியபோது அங்கே பறை அதிர்ந்துகொண்டிருந்தது. பிரபாவதி கோவிந்தம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதோடு காதாக அழுதாள். அது கோவிந்தம்மா ஒருத்திக்குத்தான் கேட்டது. அடி தாங்காமல் புனிதா மூன்று தடவை தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள், விடியற்காலை பஸ்ஸில். துரைக்கண்ணு அதற்கு முன்னாலேயே ரயில் சவாரிக்கு ஆட்டோ எடுத்துப் போய்விடுவான். அவன் திரும்புவதற்குள் பிரபாவதி பெண்ணுக்குத் தலை வாரிவிட்டு, வயிற்றுக்கு ஊற்றி, திரும்ப பஸ் ஏற்றிவிட்டிருக்கிறாள். அவனிடம் சொன்னால் கத்தியைத் தூக்கிக்கொண்டு போவான் என்ற பயம் ஒன்று. தனக்கும்தான் ஆரம்பத்தில் அடி விழுந்தது, அப்புறம் சரியாகவில்லையா என்ற நினைப்பு ஒன்று. பெண் வந்ததைத் தெருவில் நாங்கள் ரெண்டொருவர் பார்த்துத்தான் இருந்தோம். பெண் தாய் வீட்டுக்கு வருவது ஒரு அதிசயமா என்று விட்டுவிட்டோம்.

காரியம் முடிந்தது. கோவிந்தம்மாவும் பிரபாவதியும் வழக்கம்போல ஒன்றாகக் களை வெட்டப் போனார்கள். அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், எல்லாம் நடந்து முடிந்த பிறகு கோவிந்தம்மா என்னிடம் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு இப்போது உங்களிடம் சொல்கிற என்னை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கே தெரியவில்லை.

சித்தார்த்தன் பேண்டுக்கு 'எட்டாவது லேன்' என்று பேர். டோல்கேட் ஓரம் டீ குடித்துக்கொண்டு வைத்த பேர். டிரம்ஸ் அடிப்பவன் ரஞ்சித், ஊர்ப்பக்கத்துக் கண்ணையன் மகன், சொந்த நிலக்காரர்கள். பேஸ் கித்தார் அஸ்வினி, திண்டிவனத்துப் பெண், சர்ச் கொயரில் பாடி வளர்ந்தவள். மூன்று பேரும் ஒரே பொட்டலத்தில் கை வைத்துச் சாப்பிடுவதைப் பார்த்து ஊர்ப்பக்கம் சில பேர் முகம் சுளித்தார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும், சோறு அதனால் குறையவில்லை.

ஆல்பத்தைத் திண்டிவனத்தில்தான் பதிவு செய்தார்கள். டயர் கடைக்கு மேல் மாடியில் ஆரோக்கியராஜ் வைத்திருந்த ஸ்டுடியோ. அவர் வழக்கமாக ஞானப் பாட்டு கேசட் போட்டு, பிறகு சிடி போட்டு, இப்போது யூடியூப்புக்குப் போட்டுக் கொடுப்பவர். சுவர் பூராவும் கம்பளி, ஜமக்காளம். அப்படியும் ஹைவேயில் லாரிக்காரன் ஹாரன் அடித்தால் மைக்கில் ஏறிவிடும். "கொஞ்சம் இருங்கப்பா, கும்பகோணத்து லாரி போவட்டும்" என்பார், ஏதோ லாரியின் ஊரே அவருக்குத் தெரிந்த மாதிரி. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்க வாசிப்பார்கள். ஃபேன் ஓடினால் அந்தச் சத்தமும் ஏறுமாம். ஒரு பாட்டை வாசித்து, கேட்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, மறுபடியும் வாசித்து என்று தை மாசம் பூராவும் ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது. கோவிந்தம்மா எலுமிச்சைச் சோறும் மல்லாட்டைத் துவையலும் கட்டிக் கொடுப்பாள்.

எட்டுப் பாட்டில் ஏழு முடிந்தது. எட்டாவது நிற்கவில்லை. சாவு மேளத்து அடியை ரஞ்சித் டிரம்ஸில் கொண்டுவந்திருந்தான், மேலே சித்தார்த்தனின் கித்தார் உறுமும், நடுவில் எல்லாம் அடங்கி ஒரு காலி இடம் வரும். அந்தக் காலி இடத்தில் எதைப் போட்டாலும் உட்காரவில்லை.

"நீ வந்து ஒரு ஒப்பாரி வையிம்மா," என்றான் சித்தார்த்தன்.

கோவிந்தம்மா கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பை அப்படியே நிறுத்தினாள்.

"சாவு இல்லாம எப்பிட்றா ஒப்பாரி வைக்கிறது? எவன் வூட்ல சாவணும்னு வேண்டிக்கினு இருக்கற?"

"நம்ம வூட்ல இல்லம்மா. திண்டிவனத்துல."

"ஏன், திண்டிவனத்துல மனுசங்க இல்லியா?"

"யம்மா, ஒரு ரெண்டு நிமிசம். இத்த முடிக்காம ஆல்பத்த வுட முடியாது. ரெண்டு வருசம் கஸ்டப்பட்டுகினு இருக்கறோம்."

"நடவு பாட்டு பாட்றேன். அத்தப் போட்டுக்க."

"சரி, வா. வந்து பாடு."

பெற்றவளுக்குப் பிள்ளை கெஞ்சினால் எத்தனை நேரம் தாங்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல புடவை கட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினாள்.

காதில் ஹெட்போனை மாட்டினார்கள். "இன்னாப்பா இது, காதுக்குள்ள டிக்கு டிக்குனு அடிச்சிகினு இருக்குது," என்றாள். அது தாளம் பிசகாமல் இருக்க என்றார் ஆரோக்கியராஜ். நடவுப் பாட்டு பாடினாள். குரல் என்னவோ இருந்தது, பாட்டுதான் இல்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. இன்னொன்று பாடினாள். அதுவும் அப்படித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். "போதும்மா, சாப்ட்டு போலாம்" என்று அவன் சொன்ன விதம் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"செவுத்தப் பாத்துகினு எப்பிடிப்பா பாட்றது. ஒப்பாரின்னா கட்டிக்கிறதுக்கு ஆளு வேணும்."

அஸ்வினி கித்தாரைக் கழற்றி வைத்துவிட்டு வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "என்னைக் கட்டிக்கிங்க ஆன்ட்டி."

கோவிந்தம்மா அவள் கழுத்தைச் சுற்றிக் கை போட்டாள். புனிதா வயசு, புனிதா மாதிரியே ஒல்லித் தோள். தலையில் சீயக்காய் வாசனை. ஹெட்போனில் ரஞ்சித்தின் அடி வந்தது. கடைசியாக அந்த மாதிரி ஒரு கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்த மாதிரி அடியைக் கேட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தது ஆற்றங்கரை ஊரில்தான். வாய் திறந்தது. அன்றைக்குக் காதில் விழுந்ததுதான் வந்தது.

வெண்ணநல்லூரு பஸ்ஸ ஏறி
வெடியக்காத்தால வந்தியே
வெறுங்காலோட வந்தவள
வெயில் தாழ அனுப்புனேனே

கன்னத்துல இருந்த தடத்தக்
கண்ணால பாத்தேனே
கண்டும் காணாதவளாட்டம்
கஞ்சி ஊத்தி அனுப்புனேனே

அதற்கு மேலும் வந்தது. முடிந்தபோது அஸ்வினி ஜாக்கெட் தோள்பட்டை நனைந்திருந்தது. ஆரோக்கியராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். லாரி ஒன்றுகூடக் குறுக்கே வரவில்லை. வந்து தொலைந்திருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தடவை கோவிந்தம்மா சொல்லியிருக்கிறாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் மகன் பக்கம் திரும்பினாள்.

"டேய், அந்த பஸ்ஸு பேர மட்டும் எடுத்துட்றா."

"எந்த பஸ்ஸு?"

"வெண்ணநல்லூரு. வேற எதுனா ஊரு போட்டுக்க."

"அதாம்மா பாட்டே. ஏன், அதுல இன்னா இருக்குது?"

அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். காரணம் சொன்னால், சொல்லக் கூடாததை மறுபடியும் ஒரு தடவை சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் பாட்டு போய்விடும்.

"ஒண்ணும் இல்ல. சும்மா சொன்னேன்."

"நீயா கட்னியாம்மா அந்த வரியெல்லாம்?"

"வாயில வந்துச்சு."

சித்தார்த்தன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வளர்ந்த பிறகு அவன் அவள் கையைப் பிடித்ததே இல்லை. அவளுக்கு அந்தச் சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் மற்றது மறந்துபோனது. அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் தன்னால் மன்னிக்க முடியவில்லை என்றாள் என்னிடம்.

பங்குனியில் ஆல்பம் வந்தது. 'டோல்கேட்' என்று பேர். ஏழு பாட்டை எவனும் கேட்கவில்லை, எட்டாவதை எல்லாரும் கேட்டார்கள். சென்னையில் யாரோ நிலத்தின் அழுகை, மண்ணின் கோபம் என்றெல்லாம் எழுதினார்கள். எங்கள் மண்ணுக்கு அப்படி ஒரு கோபம் இருந்தது எங்களுக்கே தெரியாது. பெண் பிள்ளைகள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு அந்த வரிக்கு வாயசைத்து வீடியோ போட்டார்கள். திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டு ஆடினார்களாம். "நாம மாடு மாதிரி வாசிச்சோம், கடைசியில உங்கம்மா அழுதது ஓடுது" என்று ரஞ்சித் சித்தார்த்தனிடம் சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் சொன்னான்.

பிரபாவதியிடம் பட்டன் போன்தான். அவளுக்கு எட்டாது என்று கோவிந்தம்மா ஒரு மாசம் தைரியமாக இருந்தாள்.

சித்திரையில் கண்ணையன் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கினார்கள். பிடுங்கின செடியைப் புங்க மரத்தடியில் குவித்து, சுற்றி உட்கார்ந்து நாங்கள் காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். அனல் காற்று. வாயில் மண். கோவிந்தம்மாவும் பிரபாவதியும் எப்போதும் ஒரே கூடைக்குத்தான் ஆய்வார்கள். கண்ணையன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்.

"இந்தா கோவிந்தம்மா, எங்க போனாலும் உன் பாட்டுதான். எங்க ரஞ்சித்து அடிச்சிருக்கிறான் பாரு ஒரு அடி. கேட்டீங்களாடி நீங்கள்லாம்?"

"வேணாங்க, அப்பால கேக்கலாம், வேல கெட்டுப்போவும்," என்றாள் கோவிந்தம்மா.

"ஒரு பாட்டுல இன்னா வேல கெட்டுப்போவுது," என்று போனை மரக்கிளையில் செருகிவிட்டார்.

டிரம்ஸ் வந்தது, கித்தார் வந்தது. நாங்கள் சிரித்தோம். பிறகு எல்லாம் அடங்கி கோவிந்தம்மா குரல் மட்டும் வந்தது. பிரபாவதியின் கை நின்றது. கையில் பிடித்திருந்த செடியில் பாதிக் காய் ஆய்ந்து பாதி மீதி. பாட்டு முடிகிற வரைக்கும் அந்தச் செடியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் மிச்சத்தை ஆய்ந்து கூடையில் போட்டாள்.

"நல்லா பாடிகிறக்கா," என்றாள்.

அவ்வளவுதான். வைதிருந்தால், மயிரைப் பிடித்து இழுத்திருந்தால் தேவலை என்றாள் கோவிந்தம்மா. மறுநாள் பிரபாவதி வேறு கூடைக்கு உட்கார்ந்தாள்.

எங்களுக்கும் அப்போதுதான் மெல்ல மெல்ல விளங்கியது. அந்தப் பெண் விடியற்காலையில் செருப்பில்லாமல் வந்து நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள். யாரும் வாய் திறக்கவில்லை. குழாயடியில் பிரபாவதி வந்தால் பேச்சு நின்றுபோனது. பேச்சு நின்றால் அவளுக்குத் தெரியாதா என்ன.

கோவிந்தம்மா கருவாட்டுக் குழம்பு வைத்து சுவர் ஓட்டை வழியாகக் கொடுத்தாள். எங்கள் பக்கம் குழம்பு வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்புகிற வழக்கம் இல்லை. ஒரு பிடி அரிசியோ ரெண்டு முருங்கைக்காயோ வைத்துத்தான் தருவோம். பிரபாவதி கிண்ணத்தைப் பளபளவென்று தேய்த்து, வெறுங்கிண்ணமாகத் திருப்பி வைத்தாள். கோவிந்தம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இதில் பெரிய கொடுமை துரைக்கண்ணு. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, பெருமை மட்டும்தான் புரிந்தது. பஸ் ஸ்டாண்டுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில் அந்தப் பாட்டையே போட்டுக்கொண்டு ஓட்டினான். "இது எங்க அண்ணி கொரலு, பக்கத்து வூடு, பையன் எங்கண்ணன் பையன்" என்று ஏறுகிறவர்களுக்கெல்லாம் சொன்னான். சாயங்காலம் தெருவுக்குள் ஆட்டோ நுழையும்போதே பாட்டு கேட்கும். வாசலில் நிறுத்தியும் பாட்டு முடிகிற வரைக்கும் அணைக்க மாட்டான். உள்ளே பிரபாவதி அவனுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் கோவிந்தம்மா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் சித்தார்த்தன் அதைப் பார்த்துவிட்டான்.

"இன்னாம்மா, உன் பாட்ட நீயே கேக்க மாட்டன்ற?"

"அது என் பாட்டு இல்லடா."

"அப்பறம்?"

சுவரைக் காட்டினாள். பிறகு சொன்னாள், எல்லாவற்றையும். சித்தார்த்தன் அப்படியே தரையில் குந்திவிட்டான். புனிதா அவனை அண்ணா அண்ணா என்று கூப்பிட்டு, அவன் தோளில் தொங்கி வளர்ந்த பிள்ளை.

"ஏம்மா, அன்னிக்கு பஸ்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பிட்றா சொல்றது. நீ ஏன் எடுக்கச் சொன்னப்போ எடுக்கல?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"பெத்தவ ஒண்ண வேணான்னு சொன்னா போதாதா? காரணம் சொன்னாத்தான் எடுப்பியா?"

காரணம் இருக்கிறது என்று அன்றைக்கே அவனுக்குத் தோன்றியதாம். கேட்டால் அந்த வரி போய்விடும் என்றுதான் கேட்காமல் விட்டானாம். இதை அவன் என்னிடமே சொன்னான், கண்ணைப் பார்க்காமல்.

மறுநாள் காலையில், துரைக்கண்ணு கிளம்பின பிறகு, பிரபாவதி வீட்டுக்குப் போனான். அவள் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, நான் அந்தப் பாட்ட எடுத்துட்றேன். எல்லாத்துலேர்ந்தும் எடுத்துட்றேன். எங்களாண்ட இருக்குது, எங்க கையாலதான் போட்டோம்."

"எடுத்தா உன் சித்தப்பா கேப்பாரே, ஏன்டா எடுத்தன்னு. இன்னா சொல்லுவ?"

"எதுனா சொல்றேன் சித்தி. கம்ப்யூட்டர்ல மிஸ்டேக்குன்னு சொல்றேன்."

"அந்த ஆளு ஆட்டோவுல ஏத்தி வெச்சிருக்குதே, அத்த எப்பிடி எடுப்ப? ஒரு நாளைக்கு நூறு பேராண்ட பெருமை பேசினு இருக்குது. நீ எடுத்தா தோண்டித் தோண்டிக் கேக்கும். இருக்கட்டும், வுடு."

"சித்தி, மன்னிச்சிடு."

"நீ இன்னா பண்ண தம்பி. நான் அனுப்புனேன், உங்கம்மா பாடுனா. நீ மிசின்ல புடிச்ச." சாம்பல் கையை உதறினாள். "எனக்கு ஒரு ஆளு இருந்துச்சு அழுவறதுக்கு. அது போச்சு. போ, கடைக்கு நேரமாச்சு."

சுவர் ஓட்டைக்கு இந்தப் பக்கம் நின்று கோவிந்தம்மா எல்லாவற்றையும் கேட்டாள்.

வைகாசி முடிவில் விழுப்புரத்தில் ஒரு காலேஜில் பேண்டைக் கூப்பிட்டிருந்தார்கள். கிரவுண்டில் பெரிய மேடை. சித்தார்த்தன் அந்த எட்டாவது பாட்டை வாசிப்பதில்லை என்றுதான் இருந்தான். காலேஜ்காரர்கள் அதற்காகத்தான் கூப்பிட்டோம் என்றார்கள். ரஞ்சித் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசியில் சித்தார்த்தன் ஒத்துக்கொண்டான். துரைக்கண்ணு வேறு, ரெண்டு பொம்பளைகளையும் தன் ஆட்டோவில்தான் கூட்டிப்போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். பிரபாவதி தலைவலி என்றாள்.

"புனிதா இருந்தா மொத ஆளா ஓடியிருப்பா. அவளுக்காவ வா," என்றான்.

அதற்கு மேல் அவளால் மறுக்க முடியவில்லை. பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வந்து ஏறினாள். கோவிந்தம்மா இந்த ஓரம், அவள் அந்த ஓரம். நடுவில் இன்னும் ரெண்டு பேர் உட்காரலாம்.

வெயில் இறங்கியிருந்தது. ஹைவேயில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாகப் போயின, ரோடெல்லாம் சக்கை. துரைக்கண்ணு இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். பாட்டைப் போட்டான்.

"இத்த இன்னிக்கு நேர்லயே கேக்கப் போறமே தம்பி, இப்ப எதுக்கு?" என்றாள் கோவிந்தம்மா.

"இருக்கட்டும் அண்ணி. ஒரு வாட்டி கேட்டுக்கினே போவலாம்."

பாட்டு ஓடியது. முண்டியம்பாக்கம் தாண்டினதும் கண்ணாடி வழியாகக் கோவிந்தம்மாவைப் பார்த்தான்.

"அண்ணி, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். இந்தப் பாட்டுல வர்ற தாயி இன்னா பொம்பள அண்ணி? புள்ள அடி வாங்கிக்கினு வந்து வாசல்ல நிக்கிது. கஞ்சிய ஊத்தி திருப்பி அனுப்பறா. எப்பிடி மனசு வரும்?"

"பாட்டுதான தம்பி."

"பாட்டுதான். இருந்தாலும் ஒவ்வொரு வாட்டியும் கேக்கறப்ப அவ மேல எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. எம் பொண்ணு ஒரே ஒரு வாட்டி வந்து நின்னிருந்தாக்கூட நான் அனுப்பியிருக்க மாட்டேன் அண்ணி. அதுக்குக் குடுத்து வெக்கல. வயித்துவலின்னுகூட எங்களாண்ட சொல்லாம பூட்டா."

"வந்தா," என்றாள் பிரபாவதி.

"யாரு?"

"புனிதா. மூணு வாட்டி வந்தா."

ஆட்டோ நிற்கவில்லை. கொஞ்ச தூரம் அதே வேகத்தில் போனது. பிறகு ஓரம் கட்டினான். பாட்டில் கித்தார் உறுமிக்கொண்டிருந்தது. கையை நீட்டி அணைத்தான். ஒரு லாரி காற்றை அடித்துக்கொண்டு போனதில் ஆட்டோ ஆடியது. அவன் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. கோவிந்தம்மாவைத்தான் திரும்பிப் பார்த்தான்.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"பொணத்தாண்ட சொன்னா. எங்கிட்ட சொன்னத நான் பாடிட்டேன் தம்பி. எம் மேலதான் தப்பு. அவள ஒண்ணும் கேக்காத."

"தெருவுக்குத் தெரியுமா?"

கோவிந்தம்மா ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப தெருவுக்கெல்லாம் இது சேதி. எனக்கு மட்டுந்தான் பாட்டா இருந்திருக்குது," என்றான். குரல் உயரவில்லை. "எம் பொண்ணு சாவ நானே ஊரெல்லாம் போட்டுக் காட்டிக்கினு சுத்தியிருக்கறேன்."

இறங்கினான். சாவியைக்கூட எடுக்கவில்லை. ரோட்டோரம் ஒரு மதகுக் கட்டை இருந்தது. போய் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். இஸ்திரி போட்ட சட்டை முதுகு மட்டும் தெரிந்தது.

பிரபாவதிக்கு மார்பு ஏறி ஏறி இறங்கியது. போன வருஷம் மாசியிலிருந்து உள்ளே வைத்திருந்தது எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது என்று கோவிந்தம்மாவுக்குத் தெரிந்தது. எத்தனை சாவு வீட்டில் பார்த்தவள். யோசிக்கவே இல்லை, நகர்ந்துபோய் ரெண்டு கையையும் விரித்தாள்.

பிரபாவதி அவள் ரெண்டு மணிக்கட்டையும் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாங்க்கா."

"அழுதுடு பிரபா. நெஞ்சு அடைச்சிக்கும்."

"அழுவறேன். நீ கட்டிக்காத. நீ கட்டிக்கினா எனக்கு வாய் தொறந்துக்கும்."

கையை விட்டாள். இறங்கி, ஆட்டோவுக்குப் பின்னால் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதாள். ஒரு வார்த்தைகூட இல்லாமல் அழுதாள். ராகம் இல்லை, பேர் சொல்லவில்லை, அய்யோ என்றுகூடச் சொல்லவில்லை. வெறும் மூச்சு மட்டும் போய் வந்தது. அவள் நடுங்கியதில் ஆட்டோ லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

கோவிந்தம்மா இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. சித்தார்த்தன்தான், எங்கே வந்துகொண்டிருக்கிறாய் என்று கேட்க. அது அடித்து ஓய்ந்தது. கோவிந்தம்மாவுக்கு அந்த ரெண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.